உச்சி வெயிலில் ஃபிளாஷ் எதற்கு?

தூத்துக்குடி உப்பளப் படங்களைப் பத்திரிகைகளிலும் கண்காட்சிகளிலும் பார்த்திருப்பீர்கள். பலவற்றில் ஒரே காட்சிதான். விடியற்காலைச் செவ்வானம், அதற்கு முன்னால் கருநிழலாக ஓர் ஆள், கையில் உப்பு வாரும் பலகை. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அது யார் என்று அவர் வீட்டாருக்கே அடையாளம் தெரியாது. வெயில் ஏறிய பிறகு எடுத்த படங்களில் முகம் தெரியும், கண் தெரியாது. புருவத்துக்குக் கீழே இரண்டு கருங்குழிகள், தலையில் கட்டிய துண்டின் நிழலில் பாதி நெற்றி, சுற்றிலும் ஒரு பரலும் பிரிந்து தெரியாமல் வெளுத்துப்போன உப்பு.

இதற்குக் காரணம் சூரியன் நிற்கும் இடம். தூத்துக்குடி நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கே 9 பாகைக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் இருக்கிறது. அதனால் ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் நண்பகல் சூரியன் அங்கே தலைக்கு நேர் மேலே வந்துவிடும். சித்திரை பிறக்கிற அந்த நாட்களில்தான் உப்பு விளைச்சலும் மும்முரமாக இருக்கும். நேர் மேலிருந்து வரும் வெளிச்சம் நெற்றியிலும் மூக்கின் தண்டிலும் விழும், கண்குழிக்குள் போகாது. கீழே கிடக்கும் உப்பு தன்மேல் விழுந்த வெயிலின் பெரும்பகுதியைத் திருப்பி மேலே அனுப்புகிறது. அதில் கண் கூசி, இமை இடுங்கி, நெற்றி சுருங்கிவிடுகிறது. நிற்பவர் கோபமாக இருப்பதுபோல் படத்தில் விழும். அவர் கோபமாக இல்லை, அவருக்குக் கண் கூசுகிறது.

கேமராவும் தன் பங்குக்குக் கெடுக்கும். அதற்குள் இருக்கும் ஒளிமானிக்கு எது உப்பு, எது முகம் என்று தெரியாது. எதிரே உள்ள காட்சி மொத்தமும் சராசரியாக ஒரு நடுத்தரச் சாம்பல் நிறம் என்று வைத்துக்கொண்டு அது கணக்குப் போடுகிறது. விழும் ஒளியில் சுமார் 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் சாம்பல் என்பது வழக்கமான அளவு. சட்டகம் முழுக்க வெள்ளை உப்பு நிறைந்திருந்தால், ‘வெளிச்சம் மிகுந்துவிட்டது’ என்று முடிவு செய்து மொத்தப் படத்தையும் இருட்டாக்கிவிடும். உப்பு சாம்பலாகும். ஏற்கெனவே வெயிலில் கறுத்த முகம் விவரம் தெரியாத கறுப்பாகும். சமீபத்திய கேமராக்களும் செல்பேசிகளும் முகத்தைக் கண்டுபிடித்து அதற்கேற்பத் திருத்துகின்றன. அப்போது முகம் தேறும், உப்பு மொத்தமாக வெளுத்துவிடும். இரண்டில் ஒன்றைத்தான் காப்பாற்ற முடிகிறது.

சாயங்காலம் வரை காத்திருந்தால் என்ன என்று கேட்கலாம். படக்கலைப் புத்தகங்களும் அதைத்தான் சொல்கின்றன. ஆனால் உப்பளத்தில் வெயில் என்பது பின்னணி அலங்காரம் அல்ல. பாத்தியில் நிற்கும் கடல்நீரை வற்றவைத்து உப்பாக்குவதே அதுதான். அந்த வெயிலில் நின்று வேலை செய்பவரை, வெயில் தணிந்த பிறகு கூப்பிட்டு நிறுத்தி எடுத்தால், அவருடைய வேலையில் பாதியை வெட்டிவிட்டு எடுக்கிறோம் என்றே நான் நினைக்கிறேன். வேலை நடக்கும் நேரத்திலேயே, வெயிலையும் காட்டி முகத்தையும் காட்டுகிற வழி ஒன்று இருக்கிறது. கேமராவிலிருந்து கழற்றித் தனியே நிறுத்திய ஃபிளாஷ்.

தொழிலாளர் படங்களுக்கும் ஃபிளாஷுக்கும் உறவு பழையது. 1887-இல் ஜெர்மனியில் அடால்ஃப் மீத்தேயும் யோஹன்னஸ் கேடிக்கேவும் மக்னீசியத் தூள் கலவையைக் கொளுத்தி நொடியில் வெளிச்சம் உண்டாக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். செய்தி எட்டியதும் நியூயார்க்கில் ஜேக்கப் ரீஸ் அதை எடுத்துக்கொண்டு, குடியேறிய ஏழைத் தொழிலாளர்கள் அடைந்து கிடந்த இருட்டறைகளுக்குள் போனார். 1908 முதல் லூயிஸ் ஹைன் அமெரிக்க ஆலைகளிலும் சுரங்கங்களிலும் வேலை செய்த குழந்தைகளைப் படமெடுத்தபோது அவர் கையிலும் அதே தூள்தான் இருந்தது. புகையும் நெருப்பும் இல்லாத மின்னணு ஃபிளாஷை 1930-களின் தொடக்கத்தில் எம்.ஐ.டி.யில் ஹெரால்ட் எட்கர்ட்டன் உருவாக்கினார். ரீஸும் ஹைனும் போன இடங்களில் வெளிச்சம் இல்லாததால் மனிதர்கள் கண்ணில் படாமல் இருந்தார்கள். உப்பளத்தில் வெளிச்சம் மிஞ்சிப்போய் முகத்தை மறைக்கிறது. இரண்டுக்கும் ஒரே கருவி எப்படி உதவுகிறது என்பதுதான் சுவாரஸ்யம்.

ஷட்டர் 1/200 விநாடி திறந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த நேரம் முழுவதும் வெயில் உள்ளே வந்துகொண்டே இருக்கும். ஃபிளாஷ் அதற்குள் ஒரு சிறு துண்டு நேரம் மட்டும் மின்னி அணைந்துவிடும். இப்போது ஷட்டரை 1/100 விநாடிக்கு மாற்றுங்கள். வெயிலின் பங்கு இரட்டிப்பாகும், ஃபிளாஷின் பங்கு அப்படியே இருக்கும். ஏனென்றால் அது வந்துபோன நேரம் நீளவில்லை. லென்ஸின் துளையை, அதாவது அபெர்ச்சரைச் சுருக்கினால் இரண்டுமே குறையும். ஃபிளாஷின் விசையைக் குறைத்தாலோ அதைத் தள்ளி வைத்தாலோ ஃபிளாஷ் மட்டும் குறையும், வெயில் அசையாது. ஆக ஒரே படத்துக்குள் இரண்டு எக்ஸ்போஷர்கள் இருக்கின்றன. ஒன்று வெயிலுடையது, இன்னொன்று ஃபிளாஷுடையது. இரண்டையும் தனித்தனியாக ஏற்றி இறக்க முடியும். தனி ஃபிளாஷ் பழகுவது என்றால் இதைக் கைக்குப் பழக்கிக்கொள்வதுதான். முதலில் ஃபிளாஷை அணைத்துவிட்டு வானமும் உப்பும் சரியாக வரும்வரை ஷட்டரையும் அபெர்ச்சரையும் சரிசெய்ய வேண்டும். முகம் இருட்டாக இருக்கும், இருக்கட்டும். பிறகு ஃபிளாஷைப் போட்டு, முகத்துக்கு வேண்டிய அளவு விசையை ஏற்ற வேண்டும்.

ஷட்டர் வேகத்துக்கு ஒரு மேல் எல்லை உண்டு. பெரும்பாலான கேமராக்களில் ஷட்டர் என்பது அடுத்தடுத்து ஓடும் இரண்டு திரைகள். 1/200 அல்லது 1/250 விநாடி வரைதான் இரண்டுக்கும் நடுவே சென்சார் முழுவதும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும். அதற்கு மேல் போனால் ஒரு கீற்று மட்டுமே திறந்தபடி நகரும். ஃபிளாஷ் மின்னும் கணத்தில் படத்தின் ஒரு பகுதிக்குத்தான் வெளிச்சம் விழும். ‘ஹை ஸ்பீடு சிங்க்’ என்ற வசதி ஃபிளாஷைத் தொடர்ந்து படபடவெனத் துடிக்கவைத்து இதைச் சமாளிக்கிறது. ஆனால் வெளிச்சத்தில் பெரும்பகுதி மூடிய திரைமேல் விழுந்து வீணாகும். பின்னணியைக் குழைத்து மங்கலாக்க விரும்புகிறவர்களுக்கு அது தேவைப்படும். எனக்கு உப்பளப் படத்தில் அதில் ஆசையில்லை. பின்னால் தெரியும் வரப்பும் பாத்தியும் அம்பாரமும் தெளிவாக இருந்தால்தான் அது அவருடைய படம்.

உப்பளத்தில் ஃபிளாஷ் ஸ்டாண்டை நட்டு, அதன் வெளிச்சத்தைப் பரப்பும் குடையை விரித்தபோது, பலகையை வரப்பில் சாய்த்துவிட்டு வந்த ஒரு அக்கா கேட்டார்: “வெயிலுக்கே கண்ணத் திறக்க முடியல, இதுல லைட்டு வேறயா தம்பி?” சரியான கேள்வி. “ஒரு மின்னு மின்னிட்டு அணைஞ்சிரும்க்கா, வெயில் அளவுக்குக்கூட உறைக்காது” என்றேன். சமாதானத்துக்குச் சொன்னதல்ல, கணக்கே அப்படித்தான் வருகிறது. 1/200 விநாடியில் வெயில் தருகிற அளவு வெளிச்சத்தைத்தான் ஃபிளாஷ் அவர் முகத்தில் போடுகிறது. ஆகவே ஒருமுறை மின்னினால் அவர்மேல் விழும் மொத்த ஒளி, ஒரு விநாடி வெயிலில் நிற்பதில் 200-இல் ஒரு பங்குதான். இருநூறு முறை மின்னினால்தான் ஒரு விநாடி வெயிலுக்கு ஈடு. சட்டென்று மின்னுவதால் திடுக்கிட வைக்கும் என்பது உண்மை. அதனால் ஆளை நிறுத்துவதற்கு முன் இரண்டு முறை சும்மா மின்னிக் காட்டிவிடுவது நல்லது.

இவ்வளவு சின்னக் கருவி வெயிலோடு போட்டிபோடுவதன் சூட்சுமமும் இதில்தான் இருக்கிறது. ஃபிளாஷுக்குள் ஒரு மின்தேக்கி இருக்கிறது. பேட்டரியிலிருந்து ஓரிரு விநாடி மெல்ல மெல்ல வாங்கி, சுமார் 300 வோல்ட் அளவில் அது மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும். பொத்தானை அழுத்தியதும் சில ஆயிரம் வோல்ட் தூண்டல் ஒன்று செனான் வாயு நிரம்பிய கண்ணாடிக் குழாய்க்குப் போய், வாயுவை மின்கடத்தியாக்குகிறது. சேர்ந்திருந்த மின்சாரம் முழுவதும் அதன் வழியே ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்துவிடும். கையடக்க ஃபிளாஷ் ஒன்றின் சேமிப்பு சுமார் 70 ஜூல். ஒரு 7 வாட் எல்.இ.டி. பல்பு பத்து விநாடி எரிய அது போதும், அவ்வளவுதான். ஆனால் அதை ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடிக்குள் செலவழித்தால் அந்தக் கணத்தில் 70,000 வாட். சூரியன் நாள் முழுக்க எரிகிறது. கேமரா பார்ப்பதோ 1/200 விநாடி மட்டும். அந்தச் சிறு சன்னலுக்குள் தன்னிடம் உள்ளதை எல்லாம் கொட்டிவிடுவதால் ஃபிளாஷ் சூரியனோடு சமமாக நிற்கிறது.

சமமாக நிற்பது பக்கத்தில் இருக்கும்வரைதான். சூரியன் 15 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. உப்பளத்தின் இந்தக் கோடியில் நின்றாலும் அந்தக் கோடியில் நின்றாலும் அதன் வெளிச்சம் மாறாது. ஃபிளாஷோ தூரம் இரட்டிப்பானால் நாலில் ஒன்றாகச் சுருங்கிவிடும். கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். நல்ல வெயிலில் ஐ.எஸ்.ஓ. 100, ஷட்டர் 1/100 விநாடி, அபெர்ச்சர் எஃப் 16 என்பது ஃபிலிம் காலத்திலிருந்து வரும் வாய்பாடு. வெண்மணல், பனி, உப்பு போன்ற இடங்களில் இன்னும் ஒரு படி குறைக்க வேண்டும். அதாவது 1/200 விநாடி, எஃப் 16. ஃபிளாஷின் பெட்டியில் கைடு நம்பர் 60 என்று போட்டிருப்பார்கள். தலையை முழுக்கக் குவித்து வைத்தால் கிடைக்கும் எண் அது. சாதாரணமாகப் பரப்பினால் 36 அளவில் எதிர்பார்க்கலாம். அதை அபெர்ச்சர் எண்ணால் வகுத்தால் தூரம் கிடைக்கும்: 36-ஐ 16-ஆல் வகுக்க, சுமார் இரண்டேகால் மீட்டர். அதற்கு முன்னால் வெள்ளைக் குடை வைத்தால் வெளிச்சம் நாலில் ஒன்றாகும், தூரம் பாதியாகும். ஆக 1.1 மீட்டர். கையை நீட்டினால் எட்டுகிற தூரத்தில் குடை நிற்க வேண்டும். முழு உருவம் எடுத்தால் குடையும் படத்துக்குள் வந்துவிடும். நம்மூர்க் கல்யாணப் படக்காரர்கள் வைத்திருக்கும் 200 ஜூல் ஃபிளாஷ் கிடைத்தால் வசதி. ஆனால் சேமிப்பு மூன்று மடங்கு ஆனதற்காகத் தூரம் மூன்று மடங்கு ஆகாது, சுமார் 1.7 மடங்குதான் ஆகும். செலவில்லாத வழியும் ஒன்று இருக்கிறது. முகத்தை வெயிலுக்கு முழுச் சமமாக ஏற்றாமல் ஒரு படி குறைத்தே விடலாம். சுற்றியுள்ள உப்பே கீழிருந்து கொஞ்சம் வெளிச்சம் தருவதால் மிச்சத்தை அது நிரப்பிவிடும்.

ஆளை எப்படி நிறுத்துவது? காலை 9 மணிக்குச் சூரியன் சுமார் 40 பாகை உயரத்தில் இருக்கும்போது, வெயில் முதுகில் படும்படி திரும்பி நிற்கச் சொல்லலாம். முகம் அவருடைய சொந்த நிழலுக்குள் வந்துவிடுவதால் கண் நன்றாகத் திறக்கும். தோளிலும் தலைத்துண்டின் ஓரத்திலும் வெயில் ஒரு வெள்ளைக் கோடு போடும். படம் பார்ப்பவருக்கு அந்தக் கோடுதான் சூட்டைச் சொல்லும். முன்பக்கம், கேமராவுக்கு ஒரு பக்கமாக, முகத்தைவிடக் கொஞ்சம் உயரத்தில் குடையோடு ஃபிளாஷ். கேமராவின் தலையிலேயே ஃபிளாஷை மாட்டிக்கொண்டால் வெளிச்சம் நேராகப் போய் நேராகத் திரும்பும். நிழல்கள் எல்லாம் ஆளுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள, முகம் தட்டையாகிவிடும். அடையாள அட்டைப் படம் இதற்கு நல்ல சாட்சி. பக்கத்திலிருந்து வரும்போதுதான் கன்னத்துக்கும் மூக்குக்கும் கழுத்து நரம்புக்கும் ஏற்ற இறக்கம் வருகிறது.

அந்த அக்காவின் முன்கையில் அன்று ஒன்றைப் பார்த்தேன். சட்டைக் கையை மடித்துவிட்ட இடத்துக்குக் கீழே, தெறித்த உப்புநீர் காய்ந்து, வெள்ளை வெள்ளையாக ஓடைகள் போட்டிருந்தது. ஓரங்களில் உப்புப் பரல்கள். வெயிலில் எடுத்த படத்தில் அது வெறும் வெளிறிய திட்டு. குடையை இன்னும் பக்கவாட்டில் நகர்த்தி, வெளிச்சம் தோலை ஒட்டி ஓடும்படி செய்ததும் ஒவ்வொரு பரலுக்கும் ஒரு துளி நிழல் விழுந்தது. இரண்டு மணி நேர வேலை அந்தக் கையில் எழுதியிருந்தது, வாசிக்க முடிந்தது.

கறுத்த தோலுக்கு வெளிச்சம் அமைப்பதைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் அதிகம் தப்பு நடக்கிறது. தோல்மேல் விழும் ஒளியில் ஏறக்குறைய 4, 5 சதவீதம் உள்ளே நுழையாமல் மேற்பரப்பிலேயே பட்டுத் திரும்பிவிடும். இது சிவந்த தோலுக்கும் கறுத்த தோலுக்கும் கிட்டத்தட்ட ஒன்றே. மீதி உள்ளே போய்ச் சிதறி வெளியே வரும். போகிற வழியில் மெலனின் ஒரு பங்கைக் குடித்துவிடும். கறுத்த தோலில் உள்ளிருந்து வருவது குறைவு என்பதால், மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் பளபளப்பின் பங்கு கூடுகிறது. வேர்வை ஊறினால் அது கண்ணாடிபோல் இன்னும் கூர்மையாகும். கருவறையில் எண்ணெய்க் காப்பிட்ட கருங்கல் மூலவரை நினைத்துக்கொள்ளுங்கள். கல் வெளுப்பதில்லை. தீபாராதனை காட்டும்போது தோளிலும் கன்னத்திலும் வழுக்கி ஓடும் ஒளிதான் உருவத்தை வரைந்து காட்டுகிறது. கறுத்த முகமும் அப்படித்தான். விசையை ஏற்றி வெளுக்க வைக்க வேண்டியதில்லை, பளபளப்பு சரியான இடத்தில் விழ வேண்டும்.

பளபளப்பு என்பது விளக்கின் பிம்பம். விளக்கு சின்னதாக இருந்தால் பிம்பமும் சின்னப் புள்ளியாகச் சுட்டெரிக்கும். நெற்றியில் ஒன்று, மூக்கில் ஒன்று. சூரியன் நம் கண்ணுக்கு அரைப் பாகை அகலம்தான்; அதனால்தான் வெயிலில் வேர்த்த முகம் வெள்ளைப் பொட்டுகளாகத் தெரிகிறது. ஒரு மீட்டர் குடை 1.1 மீட்டர் தூரத்தில் நின்றால் அதன் அகலம் சுமார் 50 பாகை, சூரியனைப்போல் நூறு மடங்கு. அதே வெளிச்சம் கன்னம் முழுக்க ஒரு மெல்லிய பட்டுப் பளபளப்பாகப் பரவும். முன்பு கணக்குப் போட்டபோது, குடை இவ்வளவு பக்கத்தில் நிற்க வேண்டியிருக்கிறதே என்பது தொந்தரவாகத் தோன்றியிருக்கும். இப்போது அதே நெருக்கம் நன்மையாகிறது. தள்ளி நிறுத்தினால் குடை சிறுத்துவிடும், பொட்டுகள் திரும்பி வந்துவிடும்.

முகப்பூச்சு தடவி அந்தப் பளபளப்பைத் துடைத்தெடுக்கும் ஸ்டுடியோ வழக்கமும், எடுத்தபின் கணினியில் நிறத்தைக் கூட்டும் வழக்கமும் எனக்குப் பிடிப்பதில்லை. அவை நம் ஊரில் மட்டும் பிறந்தவையும் அல்ல. 1950-களிலிருந்து கோடக் நிறுவனம் பிரிண்ட் கடைகளுக்கு நிறம் சரிபார்க்க அனுப்பிய அட்டையில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம். ‘ஷெர்லி அட்டை’ என்றே அதற்குப் பெயர். அவருடைய தோல் சரியாக வந்தால் எல்லாம் சரி என்பது அளவுகோல். கறுத்த முகங்கள் விவரம் இழந்ததைப் பல ஆண்டுகள் தொழில்நுட்பக் குறை என்றே யாரும் எண்ணவில்லை. இன்றைய சென்சார்களுக்கு அந்தப் பாரபட்சம் தேவையில்லை. அடர்ந்த நிறத்திலும் நுட்பமான வேறுபாடுகளைப் பிடிக்கும் திறன் அவற்றுக்கு இருக்கிறது. வெளிச்சத்தை அமைக்கும் கைக்குத்தான் அந்தப் பழக்கம் வர வேண்டும்.

நிறத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஃபிளாஷின் ஒளி சுமார் 5,500 கெல்வின், ஏறிய வெயிலோடு ஒத்துப்போகும். மாலை 5 மணிக்கு மேல் வெயில் மஞ்சளாகும்போது மட்டும் ஃபிளாஷ் முகத்தை நீலமாகக் காட்டும். அதன் முன்னால் ஆரஞ்சு ஜெல் தாள் ஒன்றை ஒட்டினால் தீர்ந்தது. ஃபிளாஷை இயக்க ரேடியோ டிரிக்கர்தான் வேண்டும். இன்னொரு ஃபிளாஷின் மின்னலைப் பார்த்து மின்னும் வகை இந்த வெயிலில் ஏமாற்றும்.

இந்தக் கருவியை வைத்து ஒரு பொய்யும் சொல்ல முடியும். வெயிலின் எக்ஸ்போஷரை இரண்டு மூன்று படி குறைத்து, ஃபிளாஷை முழு விசையில் போட்டால் நண்பகல் வானம் அந்தி வானமாகக் கறுக்கும். நடுவில் ஆள் மட்டும் சினிமாப் போஸ்டர்போல் பிரகாசிப்பார். பார்த்தவுடன் மயக்கும் படம். ஆனால் அதில் அவர் நின்ற வெயில் எங்கே? அந்த வெயிலில் கண் கூசிக்கூசித்தான் வருஷக்கணக்காக அவர் உழைத்திருக்கிறார். அதை அழித்துவிட்டு அவரை வீரராகக் காட்டுவதில் எனக்குச் சம்மதமில்லை. வெயிலை ஒரு படிக்கு மேல் குறைக்காமல், ஃபிளாஷ் போட்டதே தெரியாத அளவில் நிறுத்துவது கடினமான வழி. நண்பகல் நண்பகலாகவே இருக்க வேண்டும், அதில் கண்ணும் தெரிய வேண்டும்.

இதையெல்லாம் பழக உப்பளத்துக்குப் போகக் கூடாது. உப்பளத்தில் கூலி என்பது நாளின் வேலைக்கு. நாம் எண்களைத் திருகிக்கொண்டு நிற்கும் நேரம் அவருடைய நேரம். வீட்டு மொட்டை மாடியில், நண்பகலில், வெள்ளை வேட்டி ஒன்றை விரித்து, அதன்மேல் வீட்டில் ஒருவரை நிறுத்திப் பழகலாம். உப்பின் எதிரொளியை வேட்டி ஓரளவுக்குக் காட்டிக்கொடுக்கும். அங்கே எண்கள் விரலுக்கு வந்த பிறகு உப்பளத்தில் ஒருவரை ஐந்து நிமிஷத்துக்கு மேல் நிறுத்த வேண்டியிராது. நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிட்டால் முதுகைக் காட்டி நிற்கச் சொல்வது பலிக்காது. ஒருவர் தலைக்கு மேலே வெள்ளைத் துணியைப் பிடித்து முகத்துக்கு நிழல் தர, பக்கத்திலிருந்து ஃபிளாஷ் வர வேண்டும். கடற்காற்று எழும்பிவிட்டால் குடை ஸ்டாண்டோடு பாத்திக்குள் சாயும். காலில் ஒரு மூட்டை கட்டுங்கள், முடிந்தால் ஒருவரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். உப்புநீர் பட்ட உலோகம் சீக்கிரம் அரிக்கும். அன்றைக்கே நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஸ்டாண்டையும், நன்றாக உலர்ந்த துணியால் ஃபிளாஷின் தொடுமுனைகளையும் துடைத்துவிட வேண்டும்.

எடுத்த படத்தைப் பிரிண்ட் போட்டுக் கொடுக்காமல் இருக்கக் கூடாது என்பது என் கட்சி. அங்கேயும் பழைய சிக்கல் ஒன்று காத்திருக்கும். பிரிண்ட் கடை இயந்திரத்தின் தானியங்கித் திருத்தமும் படத்தின் சராசரியைத்தான் பார்க்கும். உப்பின் வெண்மையைக் கண்டு மொத்தத்தையும் இருட்டாக்கி, உப்பளத்தில் அவ்வளவு பாடுபட்டு மீட்ட முகத்தை மறுபடி கறுப்பாக்கிக் கொடுத்துவிடும். ‘கரெக்‌ஷன் வேண்டாம்’ என்று சொல்லி, முதலில் ஒரே ஒரு பிரதி போட்டுப் பகல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டு மற்றவற்றைப் போடச் சொல்லுங்கள். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் பாத்திகளில் வேலை நின்றுவிடும், யார் எந்த ஊருக்கு என்ன வேலைக்குப் போனார்கள் என்று விசாரித்து அலைய வேண்டியிருக்கும். புரட்டாசி முடிவதற்குள் படம் அவர் கைக்குப் போய்விட வேண்டும்.